இத்தனூண்டு காயம்

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காயத்தைக் காட்டச் சொன்னார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆரஞ்சுப் பழத்தையும் வைத்துவிட்டு அதைத்தான் முதலில் கேட்பார்கள். என்னைத் திரும்பிப் படுக்க வைத்து மாமியாரே நைட்டியைத் தூக்கிக் காட்டுவார். இடுப்பில், முதுகுத்தண்டை ஒட்டினாற்போல ஒரு சின்ன பிளாஸ்திரி. "அட, இத்தனூண்டுதானா?" என்பார்கள். முதலில் அதை நிம்மதியாகத்தான் சொன்னார்கள். போகப்போக அந்தச் சொல்லில் ஒரு சந்தேகம் ஏறிக்கொண்டது.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் பல வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குச் சாய்வில்லாத ஸ்டூல், குனிந்த கழுத்து, ஷிப்மென்ட் நேரத்தில் ஓவர்டைம். வலி முதலில் இடுப்பில்தான் இருந்தது. பிறகு தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, இடது கட்டைவிரல் வரைக்கும் சுண்டி இழுத்தது. மாமியார் வாய்வு என்றார். கணவர் உடம்புச் சூடு என்றார். எண்ணெய் தேய்த்தார்கள், பத்துப் போட்டார்கள். நான் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தைத்தேன்.

ஒருநாள் கம்பெனிக்குள் நடந்து வரும்போது பின்னாலிருந்து ஒரு பெண், "அக்கா, செருப்பு" என்றாள். திரும்பினால் என் இடது செருப்பு வாசலிலேயே கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தை மேலே தூக்கிப் பார்த்தேன். வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

கோயமுத்தூரில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். "முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்குதுங்க. அது பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை நெரிக்குது. பாதம் பலம் கொறஞ்சிருச்சு. இனி மாத்திரையில தள்ளிப்போடக் கூடாது."

கணவர் தயங்கினார். "முதுகுல கத்தி வெச்சா எந்திரிச்சு நடக்கவே முடியாதுங்கறாங்களே சார்?"

"முதுகைப் பிளக்கப் போறதில்லீங்க. சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, கேமராவுல பார்த்துக்கிட்டே பிதுங்கினதை மட்டும் எடுத்துருவோம். சின்ன ஆபரேஷன்தான். சீக்கிரம் ஊட்டுக்கு அனுப்பிருவோம். ஆனா ஒன்றரை மாசத்துக்குக் குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் உக்காரக் கூடாது."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். என் கணவர் 'சின்ன ஆபரேஷன்' என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

டாக்டரோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது காலில் அந்த வலி இல்லை. இல்லவே இல்லை. நர்ஸ் கையைப் பிடித்து நடக்க வைத்தபோது அழுதுவிட்டேன். சண்டையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அதற்கு முந்தின வருஷம் என் கொழுந்தனார் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். தொடை வரைக்கும் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. அந்தக் கட்டைப் பார்த்த ஒருவரும் அவரை ஒரு டம்ளர் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து அவருக்குச் சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்தவள் நான். எனக்கு மாவுக்கட்டு இல்லை. நீளமான தழும்பு இல்லை. நடக்கிறேன், சிரிக்கிறேன். அப்புறம் எனக்கு என்ன நோவு?

"குடத்தையா தூக்கச் சொல்றேன் கண்ணு, அரைப் பக்கெட்டுதானே" என்பார் மாமியார். "குனிஞ்சு ரெண்டு கூட்டு கூட்டுனா ஒடஞ்சா போயிரும்?" கூடாதுங்க அத்தை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஏதோ சலுகை கேட்பவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தெருக்குழாயில் தண்ணீர் வந்த ஒரு காலையில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் என் காதுபடவே சொன்னார். "ஆபரேஷன்னு பேரு. ஒரு கோடு கூட இல்ல. போனைப் பாத்துட்டுச் சாஞ்சு கெடக்கறா." அந்தப் பெண் சிரித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய்க் குழாயடியில் நிறைந்திருந்த பக்கெட்டைத் தூக்கினேன். நாலு அடி எடுத்து வைத்திருப்பேன். கரண்ட் அடித்ததுபோல இடுப்பிலிருந்து கால் வரை ஒரு வெட்டு வெட்டியது. பக்கெட்டைத் தெருவிலேயே போட்டேன். தண்ணீர் எல்லார் காலையும் நனைத்து ஓடியது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

கணவர் ஓடி வந்தார். "ஏன் இப்படிக் கத்தற? நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க! முதுகைக் கிழிச்சுப் போட்டிருந்தா நம்பியிருப்பீங்களா? இல்ல, காலு இழுத்துக்கிட்டுக் கெடந்தாத்தான் நம்புவீங்களா?"

மாமியார் பக்கெட்டை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுபடியும் கோயமுத்தூர். டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தார். ஜவ்வு மறுபடி பிதுங்கவில்லை, நரம்பு சீண்டப்பட்டிருக்கிறது என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "வெளியில துளை சின்னதுங்க. உள்ள ஆற வேண்டியது சின்னதில்ல. இவங்களை வெயிட் தூக்க வெச்சா இன்னொரு ஆபரேஷன் பண்ற மாதிரி ஆயிரும்."

"சரிங்க சார். சரிங்க சார்." அவர் முகம் வெளுத்துப்போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார். "இதை நீ முன்னாடியே தெளிவாச் சொல்லியிருக்கலாமுல்ல."

"தெளிவாத் தமிழ்லதானுங்க சொன்னேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்திருக்கும்.

அதற்கப்புறம் தண்ணீரை அவர்தான் தூக்கினார். மாமியார் கூட்டினார். யாராவது வந்தால், "டாக்டரு சொல்லியிருக்காருங்க, தூக்கக் கூடாதாமா" என்று மாமியாரே முந்திக்கொண்டு சொன்னார். அதையும் என்னால் சந்தோஷமாகக் கேட்க முடியவில்லை. அதே வார்த்தையை நான் சொன்னபோது அது சோம்பேறித்தனம்.

ஒன்றரை மாசம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு மேனேஜர் என்னைப் பேக்கிங்கில் போட்டார். "ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னீங்களே. இங்க நின்னுட்டே பாக்ஸ் தூக்கற வேலைதான்."

"தூக்கவும் கூடாதுங்க, இன்னும் கொஞ்ச நாளைக்கு."

"சின்ன ஆபரேஷன்னு கேள்விப்பட்டேனுங்களே?"

"யாருக்குச் சின்னதுங்க?" என் குரல் லைன் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து மிஷின்கள் நின்றன. "செக்கிங்ல போடுங்க. தைச்ச பீஸை நின்னும் பாப்பேன், உக்காந்தும் பாப்பேன். சாய்மானம் வெச்ச சேர் ஒண்ணு வேணும். இல்லீன்னா சொல்லிருங்க, ஊட்டுக்குப் போயர்றேன்."

ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. அதனால்தான் ஒத்துக்கொண்டார், இரக்கத்தால் அல்ல. ஆபீஸிலிருந்து ஒரு பழைய சேரை எடுத்து வந்து போட்டார்கள்.

பாதம் இப்போது நன்றாகத் தூக்க வருகிறது. கட்டைவிரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது. போகப்போகச் சரியாகலாம் என்கிறார் டாக்டர். மேனேஜர் இன்னமும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. செக்கிங் டேபிளில் பீஸ்களைப் புரட்டிக்கொண்டே நான் அவர் கடந்து போவதைப் பார்ப்பேன். எனக்கும் அவரிடம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.