நான்காவது வரியில் இருந்த சி

என் கணித ஆய்வு வழிகாட்டியின் மீது எனக்கு இருந்த வயிற்றெரிச்சலை இன்றைக்கும் நான் மறைப்பதில்லை. மூன்று வருடம் தலையை உடைத்துக்கொண்டு நான் கண்ட சமனிலியைத் தன் பெயரில் மட்டும் கட்டுரையாக எழுதிக்கொண்டார் மனுஷன். "ஒன் பேர அடுத்த பேப்பர்ல போட்டுக்கலாம்மா, இப்ப என்னா அவசரம்?" என்றார். அவசரம் எனக்குத்தானே! என் பெயரில் ஒரு கட்டுரையாவது வராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வரும் அப்பா, செருப்பைக் கழற்றும்போதே, "பேப்பர் வந்துடுச்சாம்மா?" என்பார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

விஷயம் பெரிதில்லை. சில தொகையீடுகளின் மதிப்பை நேராகக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் என்ன வளர்ந்தாலும் இதைத் தாண்டாது என்று சமனிலிகளை வைத்து மேலே ஒரு வரம்பு கட்டலாம். நான் கட்டிய வரம்பு குறிப்பிட்ட நேரம் வரைக்கும்தான் செல்லும். அவருக்கு அது போதவில்லை, எந்தக் காலத்துக்கும் செல்லும் என்று நீட்டினார். கொடுமை என்னவென்றால், அதை டைப் அடித்துக் கொடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். நான்காவது வரியில் கை நின்றது. கணக்குப் போடும் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிக்கு வரி மாறிலி மாறினாலும் புதுப் பெயர் தேட மாட்டோம், எல்லாவற்றுக்கும் 'சி' என்றே போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருப்போம். அந்த வரியில் சமனிலியைப் போட்டால் நேரத்தின் வர்க்கமூலம் வெளியே வரும். அதையும் சேர்த்துச் சி என்று எழுதியிருந்தார். நேரத்தோடு வளர்வது எப்படி மாறிலி ஆகும்? வரம்பு போச்சு, கட்டுரையும் போச்சு. வாங்க சார், மாட்டினீங்களா! ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அடித்துக் கொடுத்தேன்.

கட்டுரை வெளியானது. கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேச எழுந்தார். முன்வரிசையில் வெளியூர்ப் பேராசிரியர்கள். நான் கையைத் தூக்கினேன்.

"சார், நாலாவது வரியில வர்ற சி, நேரத்தப் பொறுத்து மாறுமா?"

"அதெப்படிம்மா மாறும்? மாறிலின்னு சொல்றேன்ல."

"ஒரு தடவ விரிச்சு எழுதிக் காட்டுங்களேன் சார்."

சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். வர்க்கமூலம் பலகையில் வந்து விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

வெளியே நடையில் என்னை மறித்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீ இத எப்பப் பாத்த?"

"டைப் அடிச்ச அன்னிக்கே பாத்துட்டேன் சார்."

"தெரிஞ்சுகிட்டேவா சும்மா இருந்த?"

"எம் பேரும் அதுல இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."