பதினேழாம் எண்ணுக்கு ஒரு செய்தி

திருவண்ணாமலை செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பின்தெருவில், ஒரு மாடி வீட்டு ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு த்ரிசலா கணக்கு திருத்துகிறாள். பிள்ளைகள் போட்ட கணக்கு அல்ல. ஏ.ஐ. மொழி மாதிரி ஒன்று தமிழில் படிப்படியாகப் போட்டுக் காட்டும் கணக்கு. முதல் தப்பு எந்தப் படியில் என்று குறித்து, காரணமும் எழுத வேண்டும். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் அதற்கு மறுபடி பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரே விடையை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் யாரென்று இன்னொருவருக்குத் தெரியாது, எண் மட்டும்தான். த்ரிசலாவின் எண் முப்பத்தொன்று.

போன ஆடி மாதம் ஒரு கணக்கு வந்தது. ஒரு வேனில் நாற்பது மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கால் பங்கு கீழ்பென்னாத்தூரில் இறங்குகிறது. மீதியில் மூன்றில் ஒரு பங்கு திருவண்ணாமலையில். வேனில் மிச்சம் எத்தனை?

முதல் ஊரில் பத்து என்றது ஏ.ஐ. அடுத்த படியிலேயே, ‘இரண்டு ஊரிலும் ஒரே அளவு இறங்கியது, ஆகவே மிச்சம் இருபது’ என்று முடித்துவிட்டது. விடை சரிதானே என்று த்ரிசலா சரி போட்டாள். அதே விடையைப் பார்த்த பதினேழாம் எண் தப்பு போட்டிருந்தது. இருவர் கருத்தும் மாறினால் மட்டும் மற்றவர் எழுதிய குறிப்பு திறக்கும். திறந்து படித்தாள்.

‘ஒரே அளவு என்பது நிஜம்தான். எங்கேயிருந்து வந்தது? பறந்து வந்ததா?’

த்ரிசலா அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள்.

எம்.எஸ்சி. கணிதம் படித்த இரண்டு வருஷமும் அவள் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் இதையே எழுதியவள் கூடப் படித்த கவிநிலா. கீழ்பென்னாத்தூர்க்காரி. த்ரிசலா சட்டென்று விடையைப் பிடித்துவிடுவாள். கவிநிலா விடமாட்டாள், வந்த வழியைக் கேட்பாள். காலையில் ஆரம்பித்த சண்டை கடைசி பஸ் வரைக்கும் போகும். இருவருக்கும் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் சேர்ந்து போவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை த்ரிசலாவின் அப்பா தன்யகுமார் நிலத்தில் வேலையாக இருந்தபோது சாய்ந்துவிட்டார். பக்கவாதத்தில் இடது பக்கம் வராமல் போனது. த்ரிசலா பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. போகவில்லை என்று சொல்லவும் இல்லை. கவிநிலாவின் குரலைக் கேட்டால் கிளம்பிவிடுவோமோ என்ற பயத்தில் போனை அணைத்து வைத்தாள். கவிநிலா மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினாளாம், பிறகு யாரோ சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து த்ரிசலா கூப்பிட்டபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அதற்கப்புறம் பதினான்கு வருஷம்.

குறிப்பைப் படித்த அன்றே, தன் குழுவைக் கவனிக்கிற முருகவேலுக்குச் சென்னைக்குப் போன் போட்டாள் த்ரிசலா.

“சார், பதினேழாம் நம்பர் யாருங்க?”

“சொல்லக்கூடாதுங்க மேடம். ஒருத்தரு யாருன்னு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா மார்க் போடறது மாறிடும். அதுக்குத்தான நம்பரே குடுத்திருக்கோம்.”

“பேரு வேணாங்க. ஒரு சேதி மட்டும் சேத்துடுங்க. இஷ்டமிருந்தா பதில் சொல்லட்டும்.”

“என்ன சேதிங்க?”

“அன்னிக்கி எங்கப்பா விழுந்துட்டாரு, அதான் வரலன்னு சொல்லுங்க. வராததுக்குக் காரணம் இருக்கு. சொல்லாம வுட்டதுக்குக் காரணமே இல்ல, அது என் தப்பு. அவ்ளோதாங்க.”

அதற்குப் பிறகு ஒன்பது நாள். மூட்டைக் கணக்குக்குத் தான் போட்ட மார்க்கை மாற்றினாள், பதினேழு சொன்னதுதான் நியாயம். ஆனால் இருவரும் ஒத்துப்போகிற கணக்குகளில் எந்தக் குறிப்பும் திறப்பதில்லை. வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகக் குறித்தால் இன்னொரு வரி படிக்கலாமே என்று ஒருநாள் தோன்றியது. கர்சர் அங்கே போயும் விட்டது. நல்ல படியைத் தப்பு என்று ஏ.ஐ.க்குச் சொல்லிக்கொடுக்க மனசு வரவில்லை. சரியென்றே குறித்தாள். குறிப்பு திறக்கவில்லை.

பத்தாம் நாள் முருகவேலே கூப்பிட்டார்.

“பதில் வந்திருக்குங்க மேடம். அப்படியே படிக்கறேன். ‘நான்தான்டி. அப்பா இப்ப எப்படி இருக்காரு? எனக்குக் கோவம் இன்னும் போவல. போனதும் நானே கூப்புடறேன்.’”

“அப்பா போயி ஆறு வருஷம் ஆவுதுன்னு சொல்லிடுங்க சார். என் நம்பரையும் குடுத்துடுங்க.”

“குடுத்துடறேங்க. இன்னொண்ணு மேடம். தெரிஞ்சவங்கன்னு ஆயிட்டதால இனிமே உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு வராது. அவங்கள வேற குழுவுக்கு மாத்திட்டாங்க.”

இப்போது அவளோடு சேர்ந்து பார்ப்பது எட்டாம் எண். கருத்து மாறினாலும் ‘தவறு’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடும்.

கார்த்திகை தீபமும் வந்து போயிற்று, கவிநிலாவின் போன் வரவில்லை. “கீழ்பென்னாத்தூர் இன்னா தூரமா? ஒரு எட்டு போயி அவங்க வூட்ல விசாரிச்சுட்டு வாயேன்,” என்றான் கணவன் நிர்மல்.

“அவளே கூப்புடறேன்னு சொல்லியிருக்கா.”

“எப்பன்னு சொல்லலியே.”

த்ரிசலா ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள்.