இரவல் நாற்காலி

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர்க்காரி என்று பெயர். பத்தொன்பது வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறாள். முழுச் சட்டை ஒன்று தைத்துக் கொடு என்றால் முழிப்பாள். ஆனால் அவள் தைத்த காலரில் குறை கண்டுபிடிக்க ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். அப்படிப்பட்ட கெட்டிக்காரி, மகளின் படிப்பு விஷயத்தில் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள்.

மகளுக்கு மருந்தாளுநர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அரசு உதவித்தொகை வந்தால் மாதக் கடைசிக்குள் சேர்ந்துவிடலாம். வராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. வீட்டு நிலைமையை நேரில் பார்க்க ஒரு ஆய்வாளர் வருவார் என்று தகவல் வந்தது.

ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு, சுவரோரம் சுருட்டி வைத்த பாய். வருகிறவரைத் தரையிலா உட்கார வைப்பது? மாடி வீட்டு அக்காவிடம் ஓடினாள். மெத்தை வைத்த நாற்காலி இரண்டு, மேசை விசிறி ஒன்று, பூப்போட்ட கண்ணாடிக் கோப்பைகள் என எல்லாம் படியிறங்கி வந்தன. ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், விசிறிக் காற்றில் டீ குடித்தார், பிஸ்கட்டையும் ஒரு கை பார்த்தார்.

“வீட்ட ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா” என்றார் போகும்போது. அந்த ஒரு வார்த்தையில் இவளுக்கு இரண்டு நாள் தலைகால் புரியவில்லை.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. ‘வீட்டின் வசதி நிலையைக் கருதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’ கீழே பட்டியல்: மெத்தை நாற்காலி இரண்டு, விசிறி ஒன்று, கண்ணாடிக் கோப்பைகள் ஆறு. குடித்த கோப்பையைக்கூட அந்த மனிதன் விடவில்லை! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதானே. மகள் அழக்கூட இல்லை, கடிதத்தை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் காலர்க்காரி மறுபடி மாடிப்படி ஏறினாள்.

மறுநாள் தொழிற்சாலைக்கு மட்டம் போட்டாள். தலையில் ஒரு நாற்காலி. மாடி வீட்டு அக்கா தலையில் இன்னொன்று. மகள் கையில் விசிறி. ஊர்வலம் நேரே உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனது.

“இதெல்லாம் எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?” என்று பதறினார் மேலதிகாரி அம்மாள்.

“உங்க பேப்பர்ல இருக்கிற நாற்காலி இதுதான் மேடம். சொந்தக்காரங்களும் இதோ நிக்கிறாங்க, கேட்டுக்குங்க.”

“நாற்காலி என்னோடதுதான்” என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

“இரவல்னு அவர்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“வீட்டுக்கு வந்த மனுஷன உக்கார வச்சிட்டு, இது இரவல் நாற்காலி சார்னு யாராவது சொல்லுவாங்களா மேடம்? நீங்க சொல்லுவீங்களா?”

அம்மாள் மறு ஆய்வுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உடனே தெருவே இலவசமாக யோசனை சொல்லக் கிளம்பிவிட்டது. இரண்டு நாள் வீட்டைப் பெருக்காதே என்றார்கள். பெண்ணுக்குக் கிழிந்த துணி போட்டுவிடு என்றார்கள். காலர்க்காரி சீறினாள். “கிழிசலக் காட்டினாதான் படிக்க விடுவாங்களா? எம் பொண்ணு வாங்கின மார்க்க விட அவ துணியில இருக்கிற ஓட்டை பெருசா?” வழக்கம்போலப் பெருக்கினாள், துடைத்தாள், பாயைச் சுருட்டி வைத்தாள். ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். இந்தத் தடவை இல்லாததைக் காட்டப்போவதில்லை, இருப்பதை மறைக்கப்போவதும் இல்லை.

அதே ஆய்வாளர்தான் வந்தார். உட்கார இடம் தேடிக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். உட்காருங்கள் என்ற வார்த்தை இவள் தொண்டை வரை வந்தது. பாயை விரித்தால் அதையும் வசதி என்று எழுதிவிடுவாரே என்று விழுங்கிக்கொண்டாள். அவர் தாளைச் சுவரில் வைத்து எழுதப் பார்த்தார். பேனா நான்கு எழுத்துக்கு மேல் எழுதவில்லை. உதறி உதறி எழுதினார். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?”

தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவள் என்ன அரக்கியா? விளிம்பு நசுங்கிய டம்ளரில் மொண்டு வந்து நீட்டினாள்.

“குடிங்க சார். டம்ளர் எங்களோடதுதான். மறக்காம எழுதிக்குங்க.”

அவர் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே வாசற்படி இறங்கிப் போனார்.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு உதவித்தொகை கிடைத்தது. காரணம் என்ற கட்டத்தில் ‘வீட்டில் இருக்கை வசதி இல்லை’ என்று எழுதியிருந்தது. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் குதித்துக் குதித்துச் சிரித்தாள், கட்டிக்கொண்டாள், மறு வாரம் கல்லூரிக்கும் போனாள்.

காலர்க்காரிக்கு மட்டும் ஆறவில்லை. அவள் குடித்தனம் வைத்த நாளிலிருந்து வாசலுக்கு வந்த ஒருவரையும் நிற்க வைத்து அனுப்பியதில்லை. பாயையாவது விரித்திருக்கிறாள். மகள் படிக்கவேண்டும் என்பதற்காக, வந்த மனிதனை நிற்க வைத்தே அனுப்பும்படி ஆகிவிட்டதே! அதற்காக அவள் அந்த அலுவலகத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.