சிவப்புக் காரின் ஆயில்

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் ஒர்க் ஷாப் வைத்திருந்தார் ஜெய்னுலாப்தீன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி கிளீனராகச் சுற்றி, மெக்கானிக் ஆனவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், ஆயில் அளக்கும் கம்பியை உருவி, பஞ்சு வேஸ்ட்டால் துடைத்து, மறுபடி விட்டெடுத்து, சொந்தக்காரர் கண்ணுக்கு நேரே நீட்டுவார். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சாவி கைமாறும்.

எண்பத்தெட்டில் ஒருநாள் சாயங்காலம், கார் ரேஸ் ஓட்டுகிற சோலைராஜ் ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர். வழியிலேயே ஆயில் மாற்ற வேண்டும் என்று டின்னும் கையோடு வைத்திருந்தார். அந்தக் காரில் ஆயிலுக்கு எஞ்சினை விட்டுத் தனியாக ஒரு தொட்டி. பழையதை வடித்துப் புதியதை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பிறகு இருவருமாகக் கம்பியைப் பார்த்தார்கள். அளவு சரியாக இருந்தது. ராத்திரி பத்திரமாக நிற்கட்டும் என்று காரை அங்கேயே விட்டுவிட்டு, காலையில் வருவதாகச் சொல்லிப் போனார் சோலைராஜ்.

விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்த ஜெய்னுலாப்தீன் வழக்கம்போலக் கம்பியை உருவினார். பஞ்சில் ஈரமே இல்லை. இரண்டாம் தரம் விட்டெடுத்தும் காய்ந்துதான் இருந்தது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். தரையில் ஒரு சொட்டு இல்லை.

"என்ன பாய், வெள்ளனயே படுக்கையப் போட்டுட்டீக?" கூட வேலை பார்க்கும் மாரிச்சாமி உள்ளே வந்தான்.

"ஏலே, கம்பி காஞ்சு கெடக்குலே! நேத்து அம்புட்டு ஊத்துனோமே, எங்க போச்சு?"

மாரிச்சாமியும் பார்த்தான். "லாரி ஆயில் கெடக்கு. அளவுக்கு ஊத்தி வச்சிருவோம். அவியளுக்கு என்ன தெரியப்போவுது?"

"வேண்டாம்லே. போனது எங்கன்னு தெரியாம மேல ஊத்தப்படாது. வரட்டும், உள்ளதச் சொல்லிருவோம்."

"சொன்னா நாமதான் எஞ்சினக் கெடுத்தோம்பாக. பொறவு இந்த ஊருல எவன் வண்டி விடுவான்?"

ஜெய்னுலாப்தீனுக்கும் அதே பயம்தான். அந்த எஞ்சினுக்கு ஒரு சாமான் போனால் மதுரையிலும் கிடைக்காது, மெட்ராஸிலும் கிடைக்காது.

நெற்றியில் கல்யாணச் சந்தனத்தோடு சோலைராஜ் வந்ததும், வாங்க என்றுகூடச் சொல்லாமல் கம்பியை நீட்டினார்.

"தம்பி, காஞ்சு கெடக்கு. ஒழுகவும் இல்ல, நாங்க தொடவும் இல்ல. அல்லா மேல ஆணை, என்னன்னு தெரியல."

சோலைராஜ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அய்யய்யோ, சொல்லாமப் போனது என் தப்பு பாய். நின்னுக்கிட்டு இருந்தா தொட்டி ஆயிலு மெல்ல எஞ்சினுக்குள்ள எறங்கிரும். ஓடுனாத்தான் பம்பு திரும்ப இழுத்துத் தொட்டிக்கு அனுப்பும். இதுக்கு ஓட்டத்துலதான் அளவு. வேற எதுவும் ஊத்தலையே?"

"இல்ல தம்பி."

"பொழச்சேன். ஊத்தியிருந்தா ரொம்பி வழிஞ்சு ஏர் கிளீனருக்குள்ள போயிருக்கும்."

மாரிச்சாமி வேறெங்கோ பார்த்தான்.

எஞ்சின் உறுமியது. பிஸ்மி சொல்லிக் காரின் மேல் கையை வைத்தபடி நின்றார் ஜெய்னுலாப்தீன். சூடேறியதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவினார். நேற்றுப் பார்த்த அதே இடத்தில், தேன் நிறத்தில் ஆயில் மின்னியது.

"அல்ஹம்துலில்லாஹ்! இன்னொரு தடவ பாத்துக்கிடட்டா தம்பி?"

"பத்துத் தடவ பாருங்க பாய்."

கார் போனதும் ஜெய்னுலாப்தீன் பழைய டயர் மேல் உட்கார்ந்து தானாகச் சிரித்தார். அப்போதுதான் பசி தெரிந்தது.

"வாலே மாரி, வீட்டுல ஒன் மதினி மெகராஜ் ஆப்பம் சுட்டு வச்சிருப்பா. போயி ஒரு பிடி பிடிப்போம்."