மேல்வீட்டிலிருந்து வந்த மூச்சு

போன கோடை விடுமுறையில் மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு பாதி காலியாகக் கிடந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான் மத்தியானங்களில் தனியாக இருப்பேன். ஒருநாள் இன்டர்காம் அடித்தது. எடுத்து ஹலோ ஹலோ என்றால் பேச்சில்லை, மூச்சுச் சத்தம் மட்டும். திரையில் மேல்வீட்டு எண். அவர்களோ குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தார்கள்.

வாட்ச்மேனிடம் கேட்டேன். "அந்த வூடு பூட்டிக் கீது மேடம். தண்ணி வால்வைக்கூட நான்தான் மூடினேன்" என்றார். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் எங்களுக்கு அது வழக்கம். குழாய் ஒழுகி வீணாகக் கூடாதென்று, ஊருக்குப் போகிறவர்கள் வால்வை மூடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

மறுநாளும் அதே மூச்சு. கூடவே தலைக்கு மேலே எதையோ தரையில் இழுக்கிற சத்தம். பேய்க்குப் பயப்படுகிறவர்களைக் கிண்டல் செய்யும் ஆள் நான். அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூஜை அலமாரி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் இன்டர்காம் அடித்ததும் பயத்தில் கத்தினேன். "யாருன்னு சொல்லித் தொலை."

ஒரு சின்னக் குரல் கேட்டது. "அக்கா, கொழாயில தண்ணி வரல. கேன்லயும் தீந்துபோச்சு."

மாடிக்கு ஓடினேன். வெளியே பெரிய பூட்டு. குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் வாட்ச்மேன் வால்வைத் திறக்க ஓடினார். அடுத்தவர் வீட்டு விஷயம், அவர்கள் வந்ததும் பேசலாம் என்றார் அசோசியேஷன் செயலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுவரைக்கும் அந்தக் குழந்தை உயிரோட இருக்கணுமே சார்" என்றேன்.

போலீஸோடு வந்த குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பூட்டை உடைக்கச் சொன்னார். உள்ளே பத்துப் பதினோரு வயதுப் பெண். வீட்டு வேலைக்கு வைத்திருந்தார்களாம். காலி கேனைக் குழாய்க்குக் குழாய் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

அவளை என் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். அலுவலர் மறுத்துவிட்டார். "சட்டப்படி குழந்தைகள் நலக் குழு முன்னாடிதான் கொண்டுபோகணும்மா. அவங்கதான் முடிவு பண்ணுவாங்க." முதலில் கோபம் வந்தது. மேல்வீட்டுக்காரர்களையும் நல்லவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஏன் முதலிலேயே பேசவில்லை என்று அவளைக் கேட்டேன். "பேசினா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்கன்னு சொன்னாங்க. நீங்க ஹலோன்னு சொன்னா பயம் கொறையும்க்கா, அதான் போன் போட்டேன்."

இப்போதும் இன்டர்காமில் யாரும் பேசாவிட்டால் நான் உடனே வைத்துவிடுவதில்லை. இன்னும் நாலு தடவை ஹலோ சொல்லிப் பார்க்கிறேன்.