ஒன்றுக்கு அடுத்துப் பத்து

“ஒண்ணுக்கு அடுத்து எப்படிடா பத்து வரும்? நீதான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சியே.”

1988இல் பட்டினச்சேரி சின்னப்பிள்ளை சித்தப்பா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த வருடம் அவருடைய படகு அலையில் உடைந்துபோயிருந்தது. பஹ்ரைனில் மீன்பிடிக்க ஆள் எடுப்பதாகக் காரைக்கால் ஏஜெண்டு ஒருவர் சொன்னதும், இரண்டாவது ஆளாகப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். மொத்தம் இருபது பேர் கொடுத்தார்கள். கொடுத்த வரிசைப்படி நம்பர். முதல் பத்துப் பேருக்கு விசா என்பது பேச்சு.

பன்னிரண்டாம் நம்பர் முகைதீன் பிச்சைக்கு. சித்தப்பாவின் படகில் எஞ்சின் பார்த்தவர்.

“அண்ணே, நம்பர மாத்திக்குவமா? தங்கச்சி நிக்காஹ் காத்துக்கிட்டு நிக்கிது.”

“கரையில முதல்ல வந்த படகு மீனத்தானே முதல்ல ஏலம் போடுறோம்? பின்னால வந்தவன் பின்னால வா.”

ஏலத்தில் அந்த வரிசையை எங்கள் ஊரில் யாரும் மீற மாட்டார்கள். அந்த நம்பிக்கையில், மற்றவர்கள் ஏஜெண்டு வீட்டுக்கு அலைந்தபோதும் சித்தப்பா போகவில்லை.

ஏஜெண்டின் சென்னை ஆபீசில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, ஆளுக்கொரு ஃபைல் ஏற்றி, அந்தந்த நம்பரையே ஃபைலுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். அச்சாகி வந்த தாளில் 1, அடுத்து 10, 11, 12 என்று போய், 19க்குப் பிறகுதான் 2. மேலிருந்து பத்துப் பேரை எண்ணிக் கோடு போட்டுவிட்டார்கள். பிச்சை கோட்டுக்கு மேலே, சித்தப்பா கீழே.

“கம்ப்யூட்டர் போட்ட வரிசைங்க, தப்பா இருக்காது. அடுத்த தடவ பாப்போம்” என்றார் ஏஜெண்டு. அடுத்த தடவை வரவே இல்லை.

பிச்சை சொல்லிக்கொண்டு போக வந்தார். “எவ்வளவு குடுத்த?” என்று கேட்டுவிட்டுச் சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிச்சை வாசலோடு போய்விட்டார்.

மறுவருடம் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஃபைல் பெயரில் நாம் எண்ணைப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் வெறும் எழுத்துகளைப் பார்க்கிறது. அகராதியில் உள்ளதுபோல முதல் எழுத்தை முதலில் ஒப்பிடும். பத்தின் முதல் எழுத்து 1. அது 2க்கு முந்தியது, அவ்வளவுதான். 01, 02 என்று போட்டிருந்தால் சித்தப்பா பஹ்ரைன் போயிருப்பார்.

ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். அடுத்தவர் படகில் கூலிக்குப் போய் வந்து, வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பிச்சை ஒண்ணும் பண்ணலியா?”

“இல்ல சித்தப்பா. யாருமே ஒண்ணும் பண்ணல.”

“பண்ணியிருந்தா தேவல. திட்டிக்கிட்டாவது கெடந்திருப்பேன்.”

பிச்சைக்குக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றும் வேலையில் இருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.