மலாக்கி வாங்கிய புல் எந்திரங்கள்

எங்கள் லீட்ரிம் ஜில்லா மண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். கோரை அமோகமாக விளையும். தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது. அந்த மண்ணில் பன்னிரண்டு ஏக்கரையும் எட்டு மாடுகளையும் வைத்துக்கொண்டு அறுபது வயதுவரை சிரித்த முகமாக வாழ்ந்துவிட்டவர் மலாக்கி கலோக்லி. எனக்கு அடுத்த வயல்காரர். அவருக்கு ஒரே ஒரு குறைதான். "முடியாது" என்ற சொல் அவர் வாயில் வராது. மனைவி அட்ராக்டாவிடம் மட்டும் எப்போதாவது வரும், அதுவும் அவள் வேறு அறையில் இருக்கும்போது.

அவரிடம் ஒரு சின்ன டிராக்டர் உண்டு. ஜப்பானிலிருந்து பழையதாக வந்தது. பெரிய டிராக்டர் எங்கள் வயலில் இறங்கினால் புதைந்துவிடும், இது புதையாது. ஆனால் புல் வெட்டிக் காயவைத்துக் கட்ட வேறு எந்திரங்கள் வேண்டுமே. அதற்கு அவர் மற்ற எல்லோரையும் போல ஃபெர்கஸ் மக்டெர்னனைத்தான் நம்பியிருந்தார். ஃபெர்கஸ் ஊருக்கெல்லாம் புல் அறுத்துக் கட்டித் தருகிறவன். போன் போட்டால் உடனே எடுப்பான். "நாளைக்குக் காலைல மொத வேலை உங்களோடதுதான்" என்பான். எந்த நாளை என்று மட்டும் சொல்ல மாட்டான். பெரிய பண்ணைகளையெல்லாம் முடித்துவிட்டு, மழையையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவான். இரண்டு கோடை இப்படியே போயிற்று. இரண்டு குளிர்காலமும் மலாக்கியின் மாடுகள் கறுத்துப்போன புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தன.

மாடுகள் பார்த்த பார்வைதான் காரணமாக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஆண்கள் கூடி நின்றபோது மலாக்கி தொண்டையைச் செருமினார்.

"இனிமே என் புல்லுக்காக ஃபெர்கஸுக்கு நான் போன் போட்டேன்னா என் பேரை மாத்திடுங்க. சொந்தமா எந்திரம் வாங்கப்போறேன். அடுத்த வருஷம் என் புல்லு என் கையாலதான்."

மலாக்கி கோபப்பட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்போதே வாங்கியிருந்தால் தப்பித்திருப்பார். அவர் ஆலோசனை கேட்கப் போனார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எந்திரப் படங்கள்தான் பரப்பியிருந்தன. கோழியை வெட்டக்கூட இடமில்லை என்று அட்ராக்டா என்னிடம் வந்து புலம்பினாள். "என்னைக் கட்டிக்க முன்னாடி இதுல பாதியாவது யோசிச்சிருந்தாருன்னா நானும் பொழைச்சிருப்பேன், பெர்னி" என்றாள்.

சந்தையில் கேட்டார். மதுக்கடையில் கேட்டார். கிழவர் ஹியூயி இறந்து பெட்டியில் கிடத்தியிருந்த வீட்டில், ஒரு கையில் தேநீர், மறு கையில் பன்றிக்கறி சாண்ட்விச்சோடு, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று ஃபிரான்ஸி மல்வியிடம் கேட்டார். ஃபிரான்ஸியின் வயல் மேட்டில் இருக்கிறது, பாதி கோரை.

"கத்தரி மாதிரி வெட்டுற எந்திரம் எடைகுறைச்சல். நம்ம வண்டி சுலபமா இழுக்கும்னு நெனைக்கிறேன்" என்றார் மலாக்கி.

"சுலபமா இழுக்கும். கோரையில போயி அடைச்சுக்கிட்டு நிக்கும். நீ இறங்கி கையால புடுங்கிக்கிட்டு இருப்ப. உருளை சுத்தி வெட்டுற எந்திரம் வாங்குடா. எதைக் குடுத்தாலும் சீவித் தள்ளும்."

"கனமாச்சே. முன்சக்கரம் தூக்கிக்குமே."

"முன்னாடி கனம் கட்டு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

செத்தவரே எழுந்து வேறு யோசனை சொல்லியிருந்தாலும் மலாக்கி கேட்டிருப்பார். அவர் எழாததால் ஃபிரான்ஸி சொன்னதே முடிவாயிற்று. மலாக்கியின் வயலில் கோரை அவ்வளவாகக் கிடையாது என்பது அந்தப் பேச்சில் வரவே இல்லை.

கட்டும் எந்திரத்துக்கு என்னிடம் வந்தார். சதுரக் கட்டு போடுகிறதை வாங்குவதா, சின்ன உருண்டைக் கட்டு போடுகிறதை வாங்குவதா என்று கேட்டார். சதுரக் கட்டு எந்திரம் குத்துகிற குத்தில் அந்தச் சின்ன டிராக்டர் தொட்டில் மாதிரி ஆடும் என்று சொன்னேன். அது உண்மை. உருண்டையிலும் ஆகச் சிறியதாக, அகலம் குறைந்ததாக வாங்கும்படி சொன்னேன். என் வயல் வாசல் அகலம் குறைந்தது என்பது தற்செயல்.

ஃபாதர் லவெலும் உருண்டைதான் நல்லது என்றார். கோயில் நிலத்தில் அவர் இரண்டு கழுதை வளர்க்கிறார். சின்ன உருண்டைக் கட்டை அவரே உருட்டிக்கொண்டு போய்ப் போடலாம். இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு சொல்கிறார்களே என்று மலாக்கிக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச்சில் எல்லாம் வந்து இறங்கின. வெட்ட ஒன்று, கிளறிக் காயவைத்து வரிசையாகக் கூட்ட ஒன்று, கட்ட ஒன்று. உருளை எந்திரத்தைப் பின்னால் மாட்டியதும் டிராக்டர் குதிரை மாதிரி முன்சக்கரத்தைத் தூக்கியது. மலாக்கி பழைய பால் கேன்களில் சிமென்ட் கலவையை ஊற்றி இறுகவைத்து முன்னால் கட்டினார். எந்திரங்களைத் தினமும் துடைத்தார். அட்ராக்டாவே ஒருநாள் கொட்டகைக்குப் போய், யாரும் பார்க்காதபோது, ஒன்றைத் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த வருஷம் மாடுகள் நல்ல புல் தின்னும் என்று அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஜூனில் வெயில் வந்தது. முதல் நாளே ஃபிரான்ஸி வந்து நின்றான்.

"அரை ஏக்கர்தான். ஃபெர்கஸ் மேட்டுக்கு வரமாட்டேங்கிறான். நீ வாங்கின எந்திரம் கோரையை எப்படி வெட்டுதுன்னு நீயும் பாக்கணும்ல?"

மலாக்கி போனார். அரை ஏக்கர் இரண்டு ஏக்கராக இருந்தது. அடுத்து என் வயல். நான் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன், ஏனென்றால் நான் ஆப்பிள் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர், எப்போது வேண்டுமானாலும் மழை வரலாம் என்பதால், ஓய்வுநாளாக இருந்தாலும் இன்றைக்குப் புல் வேலை செய்வது பாவமில்லை என்று அறிவித்தார். அட்ராக்டா நிம்மதியாக மூச்சு விட்டாள். வாசலில் ஃபாதர் மலாக்கியின் தோளில் கைபோட்டு, கழுதைகளின் நிலத்துக்கு அழைத்துப் போனார்.

யாரும் அவருக்குக் கூலி கொடுக்க முயலாமல் இல்லை. அவர்தான் வாங்கவில்லை. "பக்கத்துல இருக்கிறவங்களுக்கு செய்யாம?" என்பார். அட்ராக்டா கேட்கும்போதெல்லாம், "நம்மது எங்க ஓடிப்போகுது? நாளைக்குக் காலைல மொத வேலை" என்பார்.

ஒருவழியாக ஆற்றோரத்துச் சொந்த வயலை வெட்டினார். இடையிடையே ஓடி வந்து கிளறினார். வியாழக்கிழமை அது காய்ந்து, வரிசை வரிசையாக, தேயிலை வாசனையோடு கிடந்தது. சாயங்காலம் மழை, அதோடு வெயில் முடிந்தது என்று ரேடியோ சொல்லியிருந்தது. மலாக்கி கட்டு எந்திரத்தை மாட்டிவிட்டார். அட்ராக்டாவும் நானும் ஓரங்களில் சிதறியதை வாரிக்கொண்டிருந்தோம். அப்போது வேலியோரமாக ஒருவன் நடந்து வந்தான். முழங்கால்வரை சேறு. ஃபெர்கஸ்.

கிண்டல் பண்ண வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"மலாக்கி, ஒரு உதவி. எங்கம்மாவோட கீழ வயல்ல புல்லு காஞ்சு கிடக்கு. என் பெரிய வண்டி வாசல்லயே அச்சுவரைக்கும் இறங்கிடுச்சு. உங்க சின்ன வண்டியாலதான் ஆகும். ஒரு மணி நேரம்."

"வேணாம் மனுசா" என்றாள் அட்ராக்டா. கையிலிருந்த வாரியை அவள் கீழே வைக்கவில்லை. "மொதல்ல நம்மது. அப்புறம் எங்க வேணாலும் போ."

மலாக்கி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபெர்கஸ் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஊருக்கு முன்னால் யாரைத் திட்டினாரோ அவனே வந்து கேட்கிறான். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் அவர் கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட இல்லை.

"ஒரு மணி நேரம்தானே" என்று வண்டியைக் கிளப்பினார்.

வேலை உண்மையிலேயே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். ஆனால் ஃபெர்கஸின் அம்மா தேநீர் போட்டுவிட்டாள். இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லி மூன்றாவது தடவை உட்காருவதுதான் எங்கள் மரியாதை. அதற்கே நேரம் பிடிக்கும். பிறகு முட்டை, பிறகு கேக், பிறகு ஒரு சொட்டு விஸ்கி. இந்த ஜில்லாவிலேயே இப்படிப்பட்ட எந்திரத்தைப் பார்த்ததில்லை என்று கிழவி சொன்னாளாம். அதைக் கேட்டபின் மலாக்கியால் எப்படி எழுந்து வர முடியும்?

மழை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தது. நானும் அட்ராக்டாவும் கவைக்கோலால் குத்திக் குத்திச் சின்னச் சின்னக் குவியலாக்கப் பார்த்தோம். நான்கைந்து குவித்திருப்போம், அவையும் நனைந்தன. அட்ராக்டா அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில். அந்த மனிதனை அப்படியே ஆற்றில் தள்ள வேண்டும் போலிருந்தது. என் கட்டுகள் என் கொட்டகையில் காய்ந்த மேனிக்கு இருந்தன என்பது வேறு விஷயம்.

ஜனவரியில் மாடுகளுக்குப் போட ஒன்றுமில்லை. ஃபெர்கஸுக்குப் போன் போட்டது அட்ராக்டா. மலாக்கி போடவில்லை, அவர் பேரை யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஃபெர்கஸின் அம்மாவுக்கு மாடு கிடையாது. மலாக்கி கட்டிக் கொடுத்த அவள் வயல் கட்டுகள் முழுவதும் விற்பனைக்கு இருந்தன. இந்தத் தடவை அவன் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து, கட்டுகளை உருட்டிவிட்டு, அட்ராக்டாவிடம் பணத்தை வாங்கிக்கொண்டு போனான்.

மலாக்கி ஒரு கட்டைப் பிரித்தார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். பச்சை போகாமல், பூஞ்சை இல்லாமல், கோடை மாதிரியே இருந்தது.

"பாரு பெர்னி, எவ்வளவு இறுக்கம். ஒரு பக்கம்கூட தளரல. இப்படிக் கட்டுறவன் இந்தப் பக்கத்துல வேற யாரு இருக்கா?"

அட்ராக்டா மாடுகளுக்கு முன்னால் புல்லை உதறிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"அவ்வளவு நல்லாக் கட்டுறவன் ஒரு நாளாவது நம்ம வயலுக்கு வந்திருக்கலாம்."